கமலவேணி அக்கா தறியை நிறுத்திய கதை

அந்த யோசனையைச் சொன்னவள் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று என் வீட்டுக்காரர் ராமராஜன் இருபது வருஷமாகச் சொல்கிறார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். முன் அறையில் 'நதியா ஜெராக்ஸ்' என்று கடை வைத்திருக்கிறேன். எதிர்வீடு கமலவேணி அக்காவுடையது. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை. காலையில் ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பொழுது சாய்கிற வரைக்கும் டொக், டொக் என்று தெரு முழுக்க அடிப்பார்கள். எனக்கு எல்லாத் தறியும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் இந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. பால் பாக்கெட் வாங்கப் போகிற வாண்டுகூட, இது எங்க வீட்டுத் தறி, அது பிரேமா வீட்டுத் தறி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். எதிர்வீட்டுத் தறியின் மேல்கட்டை கொஞ்சம் இற்றுப்போய், அதில் ஒரு மரத்துண்டைச் செருகி வைத்திருந்தார்கள். இரண்டு அடிக்கு ஒரு தரம் அது முனகும். அது மட்டும் நாளடைவில் எனக்கும் பழகிவிட்டது.

கமலவேணி அக்காவுக்குப் பிறந்த ஊர் மாகறல். எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பது வயதில் ஆனந்தகுமார் அண்ணனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கரைக்கென்று, ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா ஒன்றைத் தனியாக ஓட்டுகிற சேலைக்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். நடுவில் அண்ணன் உட்கார்ந்து நெய்வார், பக்கத்தில் இவள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவாள். பதினெட்டு வருஷம் அப்படியே உட்கார்ந்தாள். அதிகம் பேசமாட்டாள். கோபம் வந்தால் இன்னும் பேசமாட்டாள். தெருவில் யாரோடும் சண்டை கிடையாது, யாரிடமும் போய் உட்கார்ந்து ஊர்க்கதையும் கிடையாது. எனக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான். நான் பேசுவேன், அவள் கேட்பாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. அமாவாசை என்றால் எல்லா வீட்டிலும் தறி நிற்கும், அது லீவு நாள், அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மற்ற நாளில் தெருவில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருக்க, ஒரு வீட்டுத் தறி மட்டும் நின்றுபோனால், யாருக்கு என்ன என்று அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள். சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிகிற பதினாறு நாளும் தறியில் கை வைக்க மாட்டார்கள். நெய்தது நெய்தபடி ஒரு வேட்டியைப் போட்டு மூடிவிடுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆனந்தகுமார் அண்ணன் தறியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். என் வீட்டுக்காரர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். வழியிலேயே உயிர் போய்விட்டது. அவர்களுடைய ஒரே பெண் அகிலா அப்போது ஒன்பதாவது. நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவாள், அவளிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று என்னை வாசலில் நிறுத்தினார்கள். நான் வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றேன். அவள் வந்தாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, புத்தகப்பையோடு நேராக உள்ளே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள். யாரோ வழியிலேயே சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யார் என்று நான் விசாரிக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்த வேலை என் தலையில் விழாமல் போனதே என்று எனக்கு அப்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பதினேழாம் நாள் காலையில் எதிர்வீட்டில் டொக் என்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆள் இல்லாததால், ஒற்றை ஆளாக நெய்கிற சேலையாக, பட்டு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குகிற முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து மூன்று வருஷம் அந்தத் தறி, அமாவாசை தவிர, ஒரு நாள் நிற்கவில்லை.

அகிலா நன்றாகப் படிக்கிற பெண். அன்று சாயந்திரம் அப்பாவின் உடம்பை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு நர்ஸ் அம்மா இவளைத் தனியாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அதிலிருந்து நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதற்கு ப்ளஸ் டூவில் உயிரியலும் வேதியியலும் நல்ல மார்க் வர வேண்டும். அரைப் பரிட்சையில் வந்தது. "இப்படியே போனா சீட்டு வூடு தேடி வரும்மா" என்று புவனேஸ்வரி டீச்சர் சொன்னாராம். அக்கா அந்த மார்க் பேப்பரை என்னிடம் கொண்டுவந்து இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு போனாள்.  ஒன்று சாமி படத்துக்குப் பின்னால் இருப்பதைப் பிற்பாடு பார்த்தேன்.

பொங்கலுக்கு முன்னால் பெற்றோர் கூட்டம் நடந்தது. அங்கே டீச்சர்கள் பொதுவாகச் சொல்வதைச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அமைதி வேண்டும், பிள்ளைக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது, இந்த மூன்று மாதம் பெற்றோருக்கும் பரிட்சைதான் என்று. அக்கா அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்து நின்றாள்.

"நதியா, உன் பையனுக்குப் போன வருசம் இன்னா பண்ணே?"

இப்படிக் கேட்டால் எனக்குக் கேட்கவா வேண்டும்? என் மகன் பிரேம்நாத் போன வருஷம் நல்ல மார்க் வாங்கியிருந்தான். அவன் படித்தானோ இல்லையோ, நான்தான் மார்க் வாங்கியதுபோல ஒரு வருஷமாகத் தெருவில் நடந்துகொண்டிருந்தேன்.

"கேபிளைக் கட் பண்ணேன்க்கா. சொந்தக்காரன் ஒருத்தனையும் வூட்டுப் பக்கம் சேக்கல. மிக்சிகூட அவன் ஸ்கூலுக்குப் போனப்புறம்தான் போடுவேன். உன் வூட்ல டிவியும் இல்ல, சொந்தமும் வர்றதில்ல. ஆனா இந்தத் தறி இருக்குதே."

"தறியா?"

"பின்ன? காதுல ஆணி அடிக்கிற மாதிரி அடிச்சிக்கினே இருந்தா எந்தப் பொண்ணுக்கா படிக்கும்? பரிட்சை முடியிற வரைக்கும் நிறுத்தி வை."

அக்கா எதிரே இருந்த தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அது பொறந்ததுலேர்ந்து அந்தச் சத்தத்துல தானே தூங்குது" என்றாள்.

"தூங்குறது வேற, படிக்கிறது வேறக்கா. அரைப் பரிட்சைல வந்த மார்க்கு பப்ளிக்ல வரலன்னா அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல."

அப்படியே சொன்னேன். பெரிய கலெக்டர் மாதிரி. அதில் பாதி அந்தப் பெண்ணின் நன்மைக்கு, மீதி என் காதின் நன்மைக்கு என்பதையும் இன்றைக்கு மறைக்கப்போவதில்லை.

பொங்கல் முடிந்த கையோடு, தறியில் இருந்த சேலையை முடித்துக்கொடுத்துவிட்டு அக்கா நிறுத்திவிட்டாள். தறியில் ஏற்றியிருந்த பாவில் இன்னும் இரண்டு சேலைக்கு நூல் பாக்கி இருந்தது. முதலாளியிடம் போய்க் கெஞ்சித் தவணை வாங்கிக்கொண்டு, தறிமேல் அண்ணனுடைய பழைய வேட்டியைப் போட்டு மூடினாள். வயிற்றுப்பாட்டுக்கு ஐயம்பேட்டையில் ஒரு தறிக்கூடத்தில் கூலிக்கு நெய்யப் போனாள். காலையில் எட்டு மணிக்கு ஷேர் ஆட்டோ, திரும்பி வர ஆறரை ஆகிவிடும். சாயந்திரம் அகிலா வந்து பூட்டைத் திறந்து, அமைதியான வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எதிர்வீட்டில் சத்தம் நின்றது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா. மதியம் கடையில் உட்கார்ந்தபடி இரண்டு நாள் குட்டித் தூக்கம்கூடப் போட்டேன்.

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன், கவனித்தும் என் புத்தியில் ஏறவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற அகிலா, தெருமுனையில் பிள்ளையார் கோயிலைத் தாண்டியதும் ஓட ஆரம்பிப்பாள். பை முதுகில் குதிக்க, மூச்சு வாங்க ஓடிவந்து பூட்டைத் திறப்பாள். உடனே வெளியே வந்து, "சித்தி, உங்க போனைக் குடுங்க, அம்மாவுக்குப் போடணும்" என்பாள். அக்கா வேலையில் இருந்தால் எடுக்கமாட்டாள். எடுக்கிற வரைக்கும் இவள் போட்டுக்கொண்டே இருப்பாள். எடுத்தால், "ஒண்ணுமில்லமா, வச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். பதினேழு வயசுப் பெண்ணுக்கு என்ன இவ்வளவு செல்லம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஜனவரிக் கடைசியில் முதல் திருப்புதல் தேர்வு வந்தது. உயிரியலில் பாதிக்குப் பாதி குறைந்துபோயிருந்தது. வேதியியலில் ஃபெயில். அக்கா அந்த மார்க்கைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து காலையில் பாதாம் ஊறவைத்துக் கொடுத்தாள். வல்லாரைத் துவையல் அரைத்தாள். சித்திரகுப்தர் கோயிலுக்குப் போய் ஒரு நீலப் பேனாவைச் சன்னதியில் வைத்து வாங்கிக்கொண்டு வந்தாள். வீடு இன்னும் அமைதியாக இருக்கட்டும் என்று கூடத்துக் கடிகாரத்திலிருந்து பாட்டரியைக்கூடக் கழற்றிவிட்டாள். பிள்ளைக்கு எது குறைகிறது என்று தெரியாமல், இருந்த ஒன்றிரண்டு சத்தத்தையும் பிடித்துப் பிடித்து அடக்கிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பிப்ரவரியில் இரண்டாம் திருப்புதல் தேர்வு. வேதியியல் அன்று, காலை பதினொன்றே கால் இருக்கும். நான் யாருக்கோ ஆதார் காப்பி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அகிலா தெருவில் ஓடிவருகிறாள், சீருடையோடு. பையில்லை. கையில் அந்த நீலப் பேனா மட்டும் இருந்தது. வீட்டுப் பூட்டைப் பிடித்து ஆட்டிவிட்டு என் கடைக்குள் வந்து நின்றாள்.

"சித்தி, அம்மா எங்க?"

"எங்க இருப்பா? ஐயம்பேட்டைல. ஏய், உனக்குப் பரிட்சை இல்ல?"

"போன் போடுங்க சித்தி."

"பரிட்சை என்னாச்சுன்னு கேக்குறேன்."

"போன் போடுங்க."

நான் போனை எடுத்து அக்காவுக்குப் போட்டேன். என் புத்தி போன போக்கைச் சொல்லவே கூசுகிறது. யாரோ பையன் விவகாரம், மாட்டிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் புவனேஸ்வரி டீச்சர் அக்காவின் போனுக்குப் பேசிவிட்டிருந்தார். பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்த பெண் திரும்பவில்லை, பேப்பரில் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறாள் என்று. அரைமணி நேரத்தில் அக்கா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தலைமுடியில் பட்டுத் தூசி. கடைக்குள் வந்ததும் மகளை அறைந்தாள். பிறந்ததிலிருந்து அந்தப் பெண்மேல் அவள் கை வைத்து நான் பார்த்ததில்லை.

அகிலா அழவில்லை. அம்மாவின் புஜத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "நான் பரிட்சை எழுதலம்மா" என்றாள். "பப்ளிக்கும் எழுதல. என்னால முடியாது."

"எதுக்கு? எதுக்குடி? உனக்குன்னுதானே தறியையே நிறுத்தி வச்சிட்டு ஊரான் தறியில உக்காந்துக்கினு இருக்கேன்."

"அதான்மா."

"எது அதான்?"

அவள் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பா போன அன்னிக்கு ஸ்கூல்லேர்ந்து வந்துக்கினு இருந்தேன். பிள்ளையார் கோயில்கிட்ட திரும்பினேன். எல்லார் வூட்டுத் தறியும் ஓடுது. நம்ம தறி மட்டும் ஓடல. எனக்கு யாரும் சொல்லலம்மா. அங்கயே தெரிஞ்சிடுச்சி. அங்கேர்ந்து வூடு வரைக்கும் தெரிஞ்சிக்கினேதான் நடந்து வந்தேன்."

கடையில் நாங்கள் மூன்று பேர்தான். மெஷின் மட்டும் சூடாகி உறுமிக்கொண்டிருந்தது. நான் அதை அணைத்தேன்.

"இப்ப தெனமும் அந்த எடத்துல திரும்புறேன். தெனமும் நம்ம தறி ஓடல. நீ ஐயம்பேட்டைல இருக்கேன்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சாலும் காலு ஓடுது. இன்னிக்கு ஹால்ல உக்காந்து எழுதிக்கினு இருந்தேன். உனக்கு ஏதோ ஆயிடுச்சின்னு தோணிச்சி. அப்புறம் ஒண்ணும் எழுத முடியல."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"எனக்காகத்தானே நிறுத்தினே. எப்பிடிச் சொல்றது?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. திட்டியிருந்தால் இன்னும் தேவலை. மகளின் கன்னத்தில் தன் விரல் பதிந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள், துடைத்தால் போகிறதுபோல. அப்புறம் அவளைக் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். தறிமேல் இருந்த வேட்டியை உருவி, உதறி, மடித்து வைத்தாள். ஒரு மாதத் தூசியைத் துணியால் தட்டினாள். தறிக்குக் கீழே இருந்த குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, கூலி வேலையையும் போட்டுவிட்டு வந்த நாளில், தன் தறியில் நெய்ய ஆரம்பித்தாள். அகிலா சுவரோரமாக, மூன்று வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து வேதியியல் புத்தகத்தைப் பிரித்தாள். நான் கடைக்குள் வந்து, வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில், நன்றாக அழுதேன். பத்து நாள் அக்காவின் முகத்தில் விழிக்கவே எனக்குத் தெம்பு வரவில்லை. பதினோராம் நாள் அவளே ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "ரெண்டு காப்பி எடு நதியா" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் வந்தது. பரிட்சை உள்ள நாளெல்லாம் அக்கா காலையிலிருந்தே நெய்வாள். எங்கே போனாலும் ஒரு மணிக்குள் வந்து தறியில் உட்கார்ந்துவிடுவாள். ஒன்றரை மணிக்கு மேல் அகிலா தெருமுனையில் திரும்புவாள். ஒவ்வொரு பரிட்சையும் அப்படியே போனது.

கடைசிப் பரிட்சை உயிரியல். நர்சிங் சீட்டே அதில்தான் இருக்கிறது. முதல் நாளே அக்காவுக்குக் காய்ச்சல். மகளிடம் மூச்சு விடவில்லை. அன்று காலையில் அவள் கிளம்புகிறவரைக்கும் எப்படியோ தறியில் உட்கார்ந்து நெய்திருக்கிறாள். பெண் தெரு திரும்பியதும் இறங்கி, பாயில் சுருண்டுவிட்டாள். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது. மாத்திரை கொடுத்தேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். மணி ஒன்றானது. எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னைக் குழில இறக்கி வுடு, நதியா."

"உனக்கு இன்னா பைத்தியமாக்கா? கை நடுங்குது பாரு. இந்தக் கையோட நெய்ஞ்சா சேலை பாழாயிடும்."

"நெய்யல. அடிக்கத்தான் போறேன்."

"நான் தெருமுனைக்குப் போய் நின்னு சொல்றேன்க்கா. அம்மாக்கு ஒண்ணும் இல்ல, லேசா ஜுரம், அவ்ளோதான்னு சொல்றேன்."

"நீ அங்க போய் நின்னா அதுக்கு உசுரே போயிடும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. அன்றைக்கும் வாசலில் நின்றவள் நான்தானே. தோளைக் கொடுத்து அவளைக் குழியில் இறக்கினேன். நெய்த பட்டின் விளிம்பில் அடி படக் கூடாது என்று ஒரு பழைய துணியை மடித்து அதன்மேல் வைத்தாள். நாடாவைத் தொடவில்லை, குறுக்கே ஊடை நூல் ஓட்டவில்லை. இழையை நெருக்கி அடிக்கிற அச்சை வெறுமனே இழுத்து இழுத்து அடித்தாள். ஓர் இழைகூட ஏறாத அடி. நெசவுக்காரி எவளும் செய்யாத வேலை அது. துணி இருந்ததால் சத்தம் மந்தமாக வந்தது. மேல்கட்டை மட்டும் வழக்கம்போல முனகியது. நான் பின்னால் உட்கார்ந்து அவள் சாய்ந்துவிடாமல் முதுகைத் தாங்கிக்கொண்டேன். சூடு என் உள்ளங்கையில் ஏறியது. அரைமணி நேரத்துக்கு மேல் அடித்தாள். நடுவில் இரண்டு தரம் கண் சொருகியது. கை நிற்கவில்லை.

அகிலா வந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வந்து அம்மாவின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"எப்பிடி எழுதினே?" என்றாள் அக்கா, அடிப்பதை நிறுத்தாமல்.

"எல்லாத்தையும் எழுதிட்டேம்மா. பெல் அடிக்கிற வரைக்கும் உக்காந்து எழுதினேன்." அச்சைப் பிடித்திருந்த அம்மாவின் கைமேல் தன் கையை வைத்தாள். "போதும், வுடு. ஊடையே இல்லாம அடிச்சிக்கினு இருக்கே. கோயில்கிட்டயே தெரிஞ்சிடுச்சி."

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. "பயந்துட்டியா?"

"இல்லமா. அடிக்கிறது உன் கைதான்னும் தெரிஞ்சிது. நடந்துதான் வந்தேன்."

அக்கா கையை எடுத்தாள். தறி நின்றது. தெருவில் மற்ற வீட்டுத் தறிகளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அகிலா அம்மாவைத் தூக்கிப் பாயில் படுக்கவைத்துவிட்டு, எனக்கும் சேர்த்து மூன்று தட்டு எடுத்து வைத்தாள்.